முகவரியின் கடைசியில் ஒரு ஸ்லாஷ்: போட வேண்டுமா, வேண்டாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சில வெப்சைட் முகவரிகள் ஒரு சாய்ந்த கோட்டுடன் முடிகின்றன. சில முகவரிகள் அப்படி முடிவதில்லை. ஸ்லாஷ் என்று நாம் சொல்லும் இந்தக் கோடு கடைசியில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று பலரும் விட்டுவிடுகிறோம். பெரும்பாலான நேரங்களில் ஒன்றும் ஆகாது என்பதும் உண்மைதான். ஆனால் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், நமக்குத் தெரியாமல் சர்வரும் பிரவுசரும் இதைச் சரி செய்துவிடுவதே. அவை சரி செய்யத் தவறும்போது பக்கம் வராது; அல்லது படங்களே இல்லாமல் வெறும் எழுத்துக்களாக வரும். சில வேளைகளில் நீங்கள் நிரப்பி அனுப்பிய படிவமே காணாமல் போகும்.

முதலில் ஒரு சின்ன சோதனை. காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். பிரவுசரைத் திறந்து, காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்தின் அரசு இணைய தளத்திற்குச் செல்லுங்கள். அதில் மாவட்ட வரலாறு, கோயில்கள் என்று ஏதாவது ஒரு பக்கத்தைக் கிளிக் செய்து, மேலே அட்ரஸ் பாரைப் பாருங்கள். முகவரி ஸ்லாஷுடன் முடிந்திருக்கும். அடுத்து தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போய் காஞ்சிபுரம் என்ற கட்டுரையைத் திறங்கள். இங்கே முகவரியின் கடைசியில் ஸ்லாஷ் இருக்காது. இப்போது அட்ரஸ் பாரில் ஒரு முறை கிளிக் செய்து, என்ட் கீயை அழுத்தி முகவரியின் கடைசிக்குச் செல்லுங்கள். அங்கே ஒரே ஒரு ஸ்லாஷ் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு நொடிக்கு முன் படித்துக்கொண்டிருந்த காஞ்சிபுரம் கட்டுரை மறைந்து, அந்தப் பெயரில் கட்டுரை எதுவும் இல்லை என்ற செய்தி வரும். ஸ்லாஷை நீக்கிவிட்டு மீண்டும் என்டர் தட்டினால் கட்டுரை வந்துவிடும்.

ஒரே ஊரைப் பற்றிய இரண்டு தளங்கள். ஒன்றில் ஸ்லாஷ் இருப்பதே வழக்கம். இன்னொன்றில் ஸ்லாஷ் போட்டால் பக்கமே இல்லை. ஏன் இப்படி?

தெருவும் வீடும்

உங்கள் கம்ப்யூட்டரில் போல்டர்களும், அவற்றுக்குள் பைல்களும் இருப்பது உங்களுக்குத் தெரியும். வெப்சைட் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டரிலும் ஆரம்பத்தில் இதே ஏற்பாடுதான் இருந்தது. முகவரி என்பது "இந்த போல்டரைத் திற, அதற்குள் இந்த போல்டரைத் திற, அதற்குள் இந்த பைலை எடு" என்று வழி சொல்வது. ஒவ்வொரு போல்டரையும் தாண்டியதும் ஒரு ஸ்லாஷ் போட வேண்டும். அப்படியானால் முகவரி ஸ்லாஷுடன் முடிந்தால், அது ஒரு போல்டரைக் குறிக்கிறது. ஸ்லாஷ் இல்லாமல் முடிந்தால் ஒரு பைலைக் குறிக்கிறது. தபாலில் தெருவின் பெயரோடு நிறுத்துவதற்கும் வீட்டின் கதவு எண் வரை எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது.

இந்தக் கோடு வெப்பில் தோன்றியதல்ல. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த யுனிக்ஸ் சிஸ்டத்தில் போல்டர்களைப் பிரிக்க ஸ்லாஷ்தான் பயன்பட்டது. டிம் பெர்னர்ஸ் லீ வெப்பை உருவாக்கியபோது முகவரிகளுக்கும் அதையே எடுத்துக்கொண்டார். மைக்ரோசாப்ட்டின் டாஸ் சிஸ்டத்தில் 1983-ல் வந்த 2.0 பதிப்பில்தான் போல்டர் வசதி கிடைத்தது. அதற்குள் டாஸ் கட்டளைகளில் ஸ்லாஷுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டதால், போல்டர்களுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த பேக்ஸ்லாஷை வைத்தார்கள். விண்டோஸ் வாங்கிய நாம் இன்றும் இந்த இரண்டு கோடுகளுக்கிடையே குழம்புவது அந்த முடிவால்தான். முகவரியில் தவறிப் போய் பேக்ஸ்லாஷ் டைப் செய்தாலும் இன்றைய பிரவுசர்கள் அதை ஸ்லாஷாக மாற்றிக்கொள்ளும். இருந்தாலும் கேள்விக்குறி இருக்கும் கீயில் உள்ளதுதான் வெப்புக்கு உரிய ஸ்லாஷ் என்பதை விரல்களுக்குப் பழக்கிவிடுவது நல்லது.

சர்வர் செய்யும் திருத்தம்

இனி ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். முகவரிக்கு உதாரணம்.பரிட்சை என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். இது விளையாட்டாக வைத்த பெயரல்ல. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு, ஆங்கிலம் அல்லாத எழுத்துக்களில் முகவரிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க 2007-ல் பதினொரு சோதனைப் பெயர்களை இணையத்தில் சேர்த்தது. அவற்றில் ஒன்று தமிழில் அமைந்த பரிட்சை. 2013-ல் அதை நீக்கிவிட்டார்கள். அதனால் இன்று அந்த முகவரியை டைப் செய்தால் எதுவும் வராது. நம் உதாரணத்துக்கு வசதி.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம், தாங்கள் நெய்யும் பட்டுச் சேலைகளுக்கு ஒரு சின்ன வெப்சைட் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் சேலைகள் என்று ஒரு போல்டர். அதைத் திறக்கும் முகவரி இது:

உதாரணம்.பரிட்சை/சேலைகள்/

இதைக் கேட்டதும் சர்வர் அந்த போல்டருக்குள் இன்டெக்ஸ் என்ற பெயரில் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எடுத்துக் கொடுக்கும். இப்போது வாடிக்கையாளர் கடைசி ஸ்லாஷை விட்டுவிட்டு "உதாரணம்.பரிட்சை/சேலைகள்" என்று டைப் செய்கிறார். சர்வர் அந்தப் பெயரில் பைல் தேடுகிறது. பைல் இல்லை, போல்டர்தான் இருக்கிறது. 1995 முதல் உலகெங்கும் பயன்பட்டு வரும் அப்பாச்சி சர்வர் புரோகிராம் இந்த இடத்தில் பக்கத்தை நேராகக் கொடுத்துவிடுவதில்லை. "நீங்கள் கேட்டது நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, ஸ்லாஷ் சேர்த்துக் கேளுங்கள்" என்று, 301 என்ற எண்ணோடு பதில் அனுப்புகிறது. பிரவுசர் அதைப் படித்து, ஸ்லாஷ் சேர்த்த முகவரியை மறுபடி கேட்கிறது. இரண்டாவது முறைதான் பக்கம் கிடைக்கிறது. அட்ரஸ் பாரில் நீங்கள் டைப் செய்யாத ஸ்லாஷ் தானாக வந்து ஒட்டிக்கொள்வதை எப்போதாவது பார்த்திருந்தால், நடந்தது இதுதான். வேர்ட்பிரஸ் கொண்டு அமைத்த தளங்களில் போல்டர்கள் உண்மையில் இல்லாவிட்டாலும், வழக்கமான அமைப்பில் இதே போல ஸ்லாஷ் சேர்த்துத் திருப்பி விடும்.

ஒரு முறை கேட்க வேண்டியதை இரண்டு முறை கேட்பதால் சற்றே நேரம் வீணாகிறது. டயல்-அப் மோடம் காலத்தில் இதை உணர முடிந்தது. பிராட்பேண்டில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒரு புள்ளி பிசகினால் படம் வராது

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சர்வருக்குத்தான் எது வேண்டும் என்று தெரிந்துவிட்டதே, பேசாமல் பக்கத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? எதற்கு இந்த அலைக்கழிப்பு? இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதற்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

வெப் பக்கம் ஒன்றில் படங்கள் பக்கத்துக்குள்ளேயே இருப்பதில்லை. "இந்த இடத்தில் அன்னம்.ஜேபிஜி என்ற படத்தைக் கொண்டு வந்து காட்டு" என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். பெரும்பாலும் முழு முகவரியும் தராமல் படத்தின் பெயரை மட்டும் எழுதிவிடுவார்கள். முழு முகவரி என்ன என்பதைப் பிரவுசரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அது எப்படிக் கணக்கிடுகிறது? தான் இப்போது நிற்கும் பக்கத்தின் முகவரியை எடுத்து, அதில் கடைசி ஸ்லாஷுக்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் படத்தின் பெயரை ஒட்டும். இவ்வளவுதான் விதி. அப்பாச்சி சர்வரை உருவாக்கியவர்களில் ஒருவரான ராய் பீல்டிங் இதை 1995-ல் எழுத்தில் வகுத்தார். 2005-ல் டிம் பெர்னர்ஸ் லீ, லாரி மாசின்டர் ஆகியோருடன் சேர்ந்து அவர் திருத்தி எழுதிய விதிகள்தான் இன்றைய பிரவுசர்களின் கணக்குக்கு அடிப்படை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரவுசர் "உதாரணம்.பரிட்சை/சேலைகள்/" என்ற முகவரியில் நிற்கிறது. கடைசி ஸ்லாஷுக்கு வலப்பக்கம் எதுவும் இல்லை, அழிக்க ஒன்றுமில்லை. படத்தின் பெயரை ஒட்டினால் "உதாரணம்.பரிட்சை/சேலைகள்/அன்னம்.ஜேபிஜி" என்று வரும். படம் அங்கேதான் இருக்கிறது. அன்னப்பட்சி போட்ட பார்டர் திரையில் வந்துவிடும்.

அதே பிரவுசர் ஸ்லாஷ் இல்லாத "உதாரணம்.பரிட்சை/சேலைகள்" என்ற முகவரியில் நின்றால்? கடைசி ஸ்லாஷுக்கு வலப்பக்கம் "சேலைகள்" என்ற சொல் இருக்கிறது. விதிப்படி அதை அழிக்க வேண்டும். மிஞ்சுவது "உதாரணம்.பரிட்சை/". இதில் படத்தின் பெயரை ஒட்டினால் "உதாரணம்.பரிட்சை/அன்னம்.ஜேபிஜி". அப்படி ஒரு படம் சர்வரில் இல்லை. சேலை இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த படம் போன்ற சின்னம் வரும்.

ஊருக்கு வந்தவரிடம் "உள்ளே போனால் இடது பக்கம் மூன்றாவது வீடு" என்று வழி சொல்வதைப் போலத்தான் இது. அவர் நெசவாளர் தெருவின் முனையில் நின்று கேட்டால் சரியான வீட்டுக்குப் போவார். காந்தி ரோட்டில் நின்றுகொண்டு அதே வழியைப் பின்பற்றினால் வேறு யாரோ ஒருவருடைய கடைக்குள் நுழைவார். வழி சொன்னதில் தவறில்லை. நின்ற இடம்தான் வேறு. அதனால்தான் அப்பாச்சி முதலில் உங்களைச் சரியான தெருமுனைக்கு அனுப்பிவிட்டு, பிறகு கதவைத் திறக்கிறது. சில தளங்களில் சர்வர் இப்படித் திருப்பி அனுப்பாமல், ஸ்லாஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பக்கத்தைக் கொடுக்கும்படி அமைத்துவிடுகிறார்கள். அங்கேதான் படமும் வண்ணமும் இல்லாத மொட்டைப் பக்கங்கள் வருகின்றன. அப்படி ஒரு பக்கம் வந்தால், ரிப்ரெஷ் பட்டனை நாலு முறை அழுத்துவதற்கு முன், கடைசி ஸ்லாஷைச் சேர்த்தோ நீக்கியோ ஒரு முறை பாருங்கள். பல நேரம் குற்றவாளி மெதுவான இணைப்பாகவும் இருக்கலாம்தான். இருந்தாலும் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு கீ அழுத்துவது மட்டுமே.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முகவரி எச்டிஎம்எல் என்று முடிந்தால் அது ஒரு பைல். அதன் பின்னால் ஸ்லாஷ் போட்டால், அப்பாச்சி 404 என்ற எண்ணுடன் "கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடும். வீட்டு எண்ணை எழுதிவிட்டு அதையே தெரு என்பது போன்றது அது.

விக்கிப்பீடியா ஏன் கண்டிப்பாக இருக்கிறது?

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் போல்டர்களில் இல்லை. முகவரியில் வரும் கட்டுரைப் பெயரை அப்படியே எடுத்து, டேட்டாபேஸில் தேடிக் கொடுக்கிறது அதன் புரோகிராம். கட்டுரையின் பெயரிலேயே ஸ்லாஷ் வரலாம். டிசிபி/ஐபி என்ற தலைப்பை நினைத்துப் பாருங்கள். எனவே அங்கே ஸ்லாஷும் ஓர் எழுத்துதான். "காஞ்சிபுரம்" ஒரு பெயர். "காஞ்சிபுரம்/" இன்னொரு பெயர். இரண்டாவது பெயரில் யாரும் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான். ஸ்லாஷுக்கு என்ன பொருள் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது அந்தந்த சர்வரே. கூகுள் நிறுவனம் 2010-ல் வெப்சைட் வைத்திருப்போருக்கு எழுதிய குறிப்பும் இதையே சொன்னது. ஸ்லாஷ் உள்ளதும் இல்லாததும் தனித்தனி முகவரிகளாகவே கருதப்படும். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தளம் முழுவதும் ஒன்றையே வையுங்கள் என்பது அதன் சாரம்.

ஓர் இடத்தில் மட்டும் கவலையே வேண்டாம். தளத்தின் பெயரோடு முகவரி முடிந்துவிட்டால், அதாவது உதாரணம்.பரிட்சை என்பதோடு நின்றால், ஸ்லாஷ் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். நீங்கள் போடாவிட்டால் பிரவுசரே போட்டுத்தான் சர்வரிடம் கேட்கும். குரோம் பிரவுசரில் இந்த ஸ்லாஷைக் கண்ணில் காட்டாமல் மறைத்து வைக்கிறார்கள். ஏதாவது ஒரு தளத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, முகவரியைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். மறைந்திருந்த ஸ்லாஷ் வெளியே வரும்.

வாங்குபவர்கள் பார்க்க வேண்டிய ஸ்லாஷ்

காஞ்சிபுரம் பட்டு 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைப் போட்டு எதை வேண்டுமானாலும் விற்கும் தளங்களுக்கும் பஞ்சமில்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் முன் முகவரியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடைசி ஸ்லாஷை விட முதல் ஸ்லாஷ் இங்கே முக்கியம். முகவரியின் தொடக்கத்தில் உள்ள இரட்டை ஸ்லாஷை விட்டுவிடுங்கள். (அந்த இரட்டை ஸ்லாஷ் தேவையே இல்லாமல் வைத்தது என்று 2009-ல் டிம் பெர்னர்ஸ் லீயே ஒப்புக்கொண்டார்.) அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றை ஸ்லாஷுக்கு இடப்பக்கம், அதை ஒட்டி இருக்கும் பெயர்தான் உண்மையான தளம். வலப்பக்கம் இருப்பதை அந்தத் தளத்துக்காரர் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். அரசுத் தளங்களுக்கு மட்டுமே தரப்படும் ஜிஓவி டாட் ஐஎன் என்ற எழுத்துக்கள் முதல் ஒற்றை ஸ்லாஷுக்கு வலப்பக்கம் இருந்தால், அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

விற்பவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. ஆர்டர் படிவம் போகும் முகவரியில் ஸ்லாஷ் விட்டுப்போயிருந்தால், சர்வர் 301 சொல்லித் திருப்பி அனுப்பும் என்று பார்த்தோம். பக்கத்தை மட்டும் கேட்டால் இதனால் நஷ்டமில்லை. ஆனால் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது இப்படி நடந்தால், பிரவுசர்கள் இரண்டாவது முறை வெறும் பக்கத்தை மட்டும் கேட்கும். பெயர், விலாசம், எந்தச் சேலை என்று வாடிக்கையாளர் டைப் செய்தது எதுவும் போய்ச் சேராது. அவர் ஆர்டர் கொடுத்துவிட்டதாக நினைத்துக் காத்திருப்பார். கடைக்காரருக்கோ ஒன்றும் தெரியாது. இதைத் தவிர்க்க 308 என்ற வேறொரு பதில் எண்ணை 2015-ல் முறைப்படி வகுத்தார்கள். வெப்சைட் செய்து கொடுப்பவரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அதை விடச் சுலபம், ஸ்லாஷைச் சரியாகப் போடச் சொல்வது.

அச்சடிக்கும் முன்

சேலைப் பெட்டியிலும் துணிப்பையிலும் விசிட்டிங் கார்டிலும் முகவரி அச்சடிப்பவர்கள், முடிந்தால் தளத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பக்கத்தின் முகவரிதான் வேண்டுமென்றால், ஸ்லாஷ் போட்டும் போடாமலும் இரண்டு விதமாக டைப் செய்து பார்த்த பிறகு அச்சகத்துக்குக் கொடுங்கள். பட்டுச் சேலை பீரோவில் பல வருஷம் இருக்கும். பெட்டியும் கூடவே இருக்கும். அத்தி வரதர் 2019-ல் தரிசனம் தந்தார், அடுத்து 2059-ல். அந்த நாற்பது வருஷ இடைவெளியைத் தாங்கும் வெப் முகவரிகள் எத்தனை இருக்கும் என்று தெரியாது, ஆனால் ஸ்லாஷ் விட்டுப்போனதற்காக நான்காவது மாதமே ஒன்று செத்துப்போகத் தேவையில்லை.

தமிழில் முகவரி வைத்திருந்தால் இன்னொன்று. விக்கிப்பீடியா போன்ற தளங்களில் காப்பி செய்த தமிழ் முகவரியை பேஸ்ட் செய்யும்போது சில சமயம் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்ட வால் வரும். யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துக்களாக விரியும். காஞ்சிபுரம் என்ற சொல்லில் மெய், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்துப் பதினொரு குறிகள். எனவே 99 எழுத்துக்கள். பயந்து அழித்துவிடாதீர்கள், முகவரி சரியானதுதான். அந்தக் குழப்பத்திலும் ஸ்லாஷ்கள் மட்டும் ஸ்லாஷாகவே நிற்கும். அவற்றை வைத்து எங்கே எது முடிகிறது என்று கண்டுகொள்ளலாம்.

நண்பர்களுக்கு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ முகவரி அனுப்பும்போது தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் முகவரிக்கு முன்னால் தனிச் சொல்லாக வருவது, நமக்கு முகவரிக்குப் பின்னால் ஒட்டாக வருகிறது. "உதாரணம்.பரிட்சை/சேலைகள்/இல் பார்க்கவும்" என்று எழுதினால், அந்த "இல்" என்பதையும் சேர்த்து முகவரியாக எடுத்துக்கொள்ளும் புரோகிராம்கள் இருக்கின்றன. படிப்பவர் கிளிக் செய்தால் சேலைகள் போல்டருக்குள் "இல்" என்ற பைலைத் தேடி, இல்லை என்று வரும். வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் சில நேரம் இப்படி ஒட்டிக்கொள்ளும். முகவரியைத் தனி வரியில் எழுதி, அதன் கடைசி ஸ்லாஷுக்குப் பிறகு எதுவும் போடாமல் என்டர் தட்டி, அடுத்த வரியில் "என்ற முகவரியில் பார்க்கவும்" என்று தொடருங்கள்.